தாத்தாவின் வழக்கு எண்: சேலத்தில் பழைய சிவில் வழக்கின் நகலைத் தேடிப் பெற்ற அனுபவம்

சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம், என் தாத்தாவுக்கும் அவருடைய தம்பிக்கும் பொதுவாக ஒரு சிறிய காப்பித் தோட்டம் இருந்தது. 1980-களில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, தாத்தா சேலத்தில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்தார் என்பதும், "கோர்ட்டில் நமக்குப் பாதி என்று தீர்ப்பாகிவிட்டது" என்பதும் அம்மா வாயிலாக நாங்கள் சிறு வயது முதல் கேட்டு வந்த செய்திகள். தாத்தாவும் சின்னத் தாத்தாவும் காலமாகிவிட்டார்கள். வழக்கை நடத்திய வக்கீலும் இல்லை. அவருடைய அலுவலகத்துக் கட்டுகளும் இல்லை. அம்மாவின் பெயருக்குப் பட்டா மாற்றம் கேட்கப் போனபோதுதான், எங்கள் கையில் அந்தத் தீர்ப்பின் ஒரு தாள்கூட இல்லை என்பது உறைத்தது. அதைத் தேடிப் பெற எனக்கு ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் பாதிக்கு மேல் தவறான இடத்தில் தேடியதில் போனது. சேலம் மாவட்டத்தில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் பல என்று தெரிந்ததால், கற்றதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, பழைய சிவில் வழக்குக் கட்டு பெயரின்படி அடுக்கி வைக்கப்படுவதில்லை என்பது. எந்த நீதிமன்றம், எந்த வகை வழக்கு, எந்த எண், எந்த ஆண்டு என்ற நான்கும் சேர்ந்ததே அதன் முகவரி. "எங்கள் தாத்தா பெயரில் ஒரு வழக்கு இருந்தது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், எவ்வளவு நல்ல மனம் படைத்த ஊழியராலும் உதவ முடியாது. அதே கேள்வியை "இந்தக் கோர்ட்டில், 1986-ஆம் ஆண்டு, இந்த ஓ.எஸ். நம்பர்" என்று கேட்டால், பதிவேடு இருக்கும் அலமாரி வரைக்கும் வழி திறந்துவிடுகிறது. ஓ.எஸ். என்பது அசல் வழக்கு. அதற்குள் தாக்கலாகும் இடைநிலை மனுக்கள் ஐ.ஏ. என்றும், தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு இ.பி. என்றும், முதல் மேல்முறையீடு ஏ.எஸ். என்றும் தனித்தனி எண்கள் பெறும். ஒரே குடும்பத்தின் ஒரே தகராறுக்கு இப்படி ஐந்தாறு எண்கள் இருக்கலாம். நாம் தேட வேண்டியது தாய் எண்ணாகிய ஓ.எஸ். எண்ணை, மற்றவை அதன் கட்டைப் பிரித்தால் தாமே தென்படும்.

எந்த நீதிமன்றம் என்று கண்டுபிடிப்பதில் நான் செய்த தவறு பலரும் செய்யக்கூடியது. இன்றைய மலை நிலத்தின் விலையை மனத்தில் வைத்துக்கொண்டு, இவ்வளவு மதிப்புள்ள சொத்தின் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில்தான் நடந்திருக்கும் என்று எண்ணி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, அசையாச் சொத்து பற்றிய வழக்கைச் சொத்து அமைந்துள்ள எல்லைக்குரிய நீதிமன்றத்தில், அதை விசாரிக்கத் தகுதியுள்ளவற்றுள் மிகக் கீழ்நிலையில் உள்ள நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தகுதியைத் தீர்மானிப்பது வழக்குத் தாக்கலான நாளின் மதிப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு காப்பித் தோட்டத்துக்குப் போட்ட மதிப்பு இன்று ஒரு மாத வீட்டு வாடகைக்கு ஈடாகாது. ஆகவே முன்சீப் கோர்ட் என்று நாம் சொல்லும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் முதலில் தேடிவிட்டு, பிறகு சார்பு நீதிமன்றம், அதன் பிறகு மாவட்ட நீதிமன்றம் என்று மேலே செல்வதே முறை. சேலம் நகரில் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் இருக்கிறது. ஆத்தூர், சங்ககிரி, மேட்டூர், ஓமலூர் பகுதிகளுக்குத் தனித்தனியே நீதிமன்றங்கள் உள்ளன. நாமக்கல் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதையும், தர்மபுரி 1965-லேயே பிரிந்துவிட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது பழைய வழக்குகளைத் தேடுவோருக்கு உதவும்.

இன்னொரு சிக்கல், எண் மாறுவது. புதிய நீதிமன்றம் ஒன்று திறக்கப்படும்போதோ, நீதிமன்றங்களின் பண மதிப்பு வரம்பு மாற்றப்படும்போதோ, நிலுவையில் உள்ள வழக்குகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டுப் புது எண் பெறும். பழைய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "இங்கே அப்படி வழக்கே இல்லை" என்ற பதிலோடு திரும்பி விடாமல், அந்த எண்ணுக்கு நேராகப் பதிவேட்டில் "மாற்றப்பட்டது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

எண்ணே தெரியாதவர்கள் எங்கே தொடங்குவது? பலரும் முதலில் போவது, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்துக்கு; நானும் அங்கேதான் போனேன். அண்மைக் கால வழக்குகளுக்கு அது உண்மையிலேயே பெரிய வசதி. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, வழக்கு எண்ணாலோ, கட்சிக்காரர் பெயராலோ, வக்கீல் பெயராலோ தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்கக் குறியீடு உண்டு. அதன் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும் கடைசி நான்கு எண்கள் ஆண்டையும் குறிக்கும். அது ஒன்று தெரிந்தால் கைப்பேசிச் செயலியிலேயே வாய்தாக்கள் அனைத்தும் வரிசையாக வந்துவிடும். பெயரால் தேடுவோருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் பெயர்கள் அங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. முருகேசன் என்ற பெயரின் நடுவே ஒருவர் 'ஜி' போட்டிருப்பார், இன்னொருவர் 'கே' போட்டிருப்பார். பழனியின் ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றவர் ஈரெழுத்தாலும் எழுதியிருப்பார். தலைப்பெழுத்து முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். முழுப் பெயரைத் தட்டாமல், எப்படி எழுதினாலும் மாறாத மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, ஆண்டை ஒவ்வொன்றாக மாற்றி, நிலுவை, முடிந்தவை ஆகிய இரண்டிலும் தேட வேண்டும். வாதியின் பெயரில் கிடைக்காதது பிரதிவாதியின் பெயரில் கிடைப்பதுண்டு. ஆயினும், கணினி வருவதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகள் பல அதில் ஏறியிருக்காது. இணையத்தில் காணவில்லை என்பதை வழக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் வழக்கும் அதில் இல்லை.

அதன் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தவை வீட்டுக் காகிதங்கள். பழைய சம்மன், வக்கீல் எழுதிய கடிதம், கட்டணம் செலுத்திய சீட்டு, பக்கத்து நிலத்துக்காரரின் கிரையப் பத்திரம் என எதில் வேண்டுமானாலும் எண் ஒளிந்திருக்கும். கிரையப் பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பகுதியில் "இன்ன நீதிமன்றத்து இன்ன வழக்கின் தீர்ப்பின்படி" என்று எழுதும் வழக்கம் உண்டு. பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றில், பதிவு செய்யப்பட்ட தீர்ப்பாணையும், சொத்தை முடக்கி நீதிமன்றம் இட்ட பற்றுகையும் இடம்பெற்றிருக்கலாம். எங்கள் எண் இவை எதிலும் கிடைக்கவில்லை. தாத்தாவின் காப்பிக் கணக்கு நோட்டு ஒன்றில், கொட்டை பறித்த கூலிக் கணக்குக்கு நடுவே, நான்காக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருந்தது. நிலத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், தோட்டத்தைப் பார்வையிட வரும் நாளைத் தெரிவித்து அனுப்பிய அறிவிப்பின் கார்பன் படி அது. நீல மை மங்கியிருந்தாலும் நீதிமன்றத்தின் பெயரும் ஆண்டும் தெளிவாக இருந்தன. மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் இருக்க, நடு இலக்கம் இருந்த இடத்தை மட்டும் கரையான் அரித்து ஓட்டையாக்கியிருந்தது. பத்து எண்களுக்குள் ஒன்று எங்களுடையது. அம்மா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

ஆண்டும் நீதிமன்றமும் தெரிந்துவிட்டால், வழக்குப் பதிவேட்டில் தேடித் தரக் கேட்பது எளிது. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் அசல் வழக்குகளுக்கான பதிவேடு ஆண்டுவாரியாக இருக்கும். கட்சிக்காரர்களின் பெயர், தாக்கலான நாள், வழக்கின் தன்மை, முடிவு ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். எங்கள் சார்பாக ஒரு இளம் வழக்கறிஞர் மனுக் கொடுத்தார். அவருடைய குமாஸ்தா அந்தப் பத்து எண்களையும் சரிபார்த்து, ஏழாவதில் தாத்தாவின் பெயரைக் கண்டார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நீதிமன்ற வேலைகளில் வழக்கறிஞரின் அறிவு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் அனுபவப்பட்ட குமாஸ்தாவின் நினைவாற்றல். எந்த ஆண்டுக் கட்டு எந்த அறைக்குப் போனது, எந்த நீதிமன்றத்து வழக்குகள் எங்கே மாற்றப்பட்டன என்பவற்றை அவர்கள் சொல்லக் கேட்பது பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எண் கிடைத்ததும் செய்ய வேண்டியது நகல் மனு. வழக்கின் கட்சிக்காரரோ அவருடைய வழக்கறிஞரோ இதைக் கொடுக்கலாம். தீர்ப்பு, தீர்ப்பாணை ஆகியவற்றின் சான்றிட்ட நகலைத் தம் செலவில் கேட்டுப் பெறுவது கட்சிக்காரரின் உரிமை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆவது கட்டளை (ஆர்டர்), 20-ஆவது விதி அதைச் சொல்கிறது. கட்சிக்காரர் இறந்திருந்தால், அவருடைய இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் இணைத்து வாரிசுகள் கேட்கலாம். வழக்கில் தொடர்பில்லாத மூன்றாம் நபர் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் விளக்கி, நீதிமன்றத்தின் உத்தரவைப் பெற வேண்டும். நிலம் வாங்கப் போகிறேன், என் சொத்தின் எல்லை அந்த வழக்கில் பேசப்பட்டிருக்கிறது என்பன போன்ற உண்மையான காரணத்தைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் வந்துவிடாதா என்று என்னிடம் இருவர் கேட்டார்கள். வராது. நீதிமன்ற ஆவணங்களின் நகலை அந்தந்த உயர் நீதிமன்றம் வகுத்த விதிகளின் வழியாகவே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில், குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

மனுவில் எதைக் கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். "வழக்கின் எல்லா ஆவணங்களும்" என்று எழுதினால் செலவும் காலமும் கூடும். "தீர்ப்பு மட்டும்" என்று எழுதினால் பிறகு இன்னொரு முறை அலைய நேரும். தீர்ப்பில் நீதிபதி எடுத்த முடிவும் அதற்கான காரணங்களும் இருக்கும். டிக்ரி என்று நாம் சொல்லும் தீர்ப்பாணையில்தான் யாருக்கு என்ன கிடைத்தது என்பதும், சொத்து விவரமும் முறைப்படி இருக்கும். நிலம் பற்றிய வழக்கானால், வழக்கைத் தொடுக்க வாதி கொடுத்த வழக்குரையையும் அதன் இறுதியில் உள்ள சொத்து விவரத்தையும், ஆணையர் அறிக்கையையும் வரைபடத்தையும் சேர்த்துக் கேட்பது அவசியம். பழைய சர்வே எண்களும் நான்கெல்லைகளும் இவற்றில்தான் அகப்படும். சான்றாவணங்களைப் பொறுத்தவரை, முதலில் தீர்ப்பின் கடைசியில் உள்ள பட்டியலைப் படித்துவிட்டு வேண்டியவற்றை மட்டும் கேட்கலாம். வழக்கு முடிந்தபின் அசல் பத்திரங்களை அவற்றைத் தாக்கல் செய்தவரே திரும்பப் பெற்றுக்கொள்ள உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆவது கட்டளை இடம் தருகிறது என்பதால், பட்டியலில் இருப்பதெல்லாம் கட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மனுவைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டால் நகல் வராது; என் முதல் மனு அப்படித்தான் வீணானது. மனுவுக்கு ஓர் எண் தருவார்கள். கட்டு வந்து சேர்ந்து, எத்தனை பக்கம் என்று கணக்கிட்ட பிறகு, அதற்குரிய நகல் முத்திரைத் தாள்களைக் கேட்டு அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் ஸ்டாம்ப் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். நான் பட்டியலைப் பார்க்கப் போகாமல், தகவல் தேடி வரும் என்று இருந்துவிட்டேன். இரண்டாவது மனுவின்போது இரண்டு நாட்களுக்கு ஒருமுறை பலகையைப் பார்த்தேன். மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை என்பதையும் கணக்கில் கொண்டு மனுவைக் கொடுக்க வேண்டும்.

கையில் கிடைத்த நகலின் இறுதியில் சிறிய கட்டம் போன்ற ஒரு குறிப்பு இருந்தது: மனு கொடுத்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். அலுவலகக் குறிப்புதானே என்று யாரும் அதை ஒதுக்க வேண்டாம். மேல்முறையீட்டுக்கான காலக்கெடு மாவட்ட அளவில் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கழிவுக்கு ஆதாரம் இந்த ஐந்து தேதிகள். அண்மையில் தீர்ப்பு வந்து மேல்முறையீடு செய்ய எண்ணுபவர்கள், அன்றைக்கே நகல் மனு கொடுத்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இணையதளத்தில் பதிவிறக்கும் தீர்ப்பு நாம் படித்துப் புரிந்துகொள்ள உதவும். நீதிமன்றத்திலும் அலுவலகங்களிலும் தாக்கல் செய்யச் சான்றும் முத்திரையும் உள்ள நகல்தான் வேண்டும்.

கட்டே கிடைக்காத நிலையும் ஏற்படலாம். மேல்முறையீடு நடந்திருந்தால், கட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கக்கூடும். சேலம் மாவட்டத்து இரண்டாம் மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போவதில்லை. சென்னையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்லும். அங்கே அந்த எண்ணைப் பார்த்தால் கட்டு திரும்பியதா என்பது தெரியவரும். காலம் கடந்த தாள்களை அழிக்க 1917-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இருப்பதால், மனுக்களும் சாட்சியப் படிகளும் குறித்த ஆண்டுகளுக்குப் பின் விதிப்படி அகற்றப்பட்டிருக்கலாம். தீர்ப்பையாவது இன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் உறவினர்களிடம் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

எங்கள் நகல் வந்த நாளுக்கு வருகிறேன். முதல் பக்கத்தைப் படித்த வழக்கறிஞர், "இது பிரிலிமினரி டிக்ரி அம்மா" என்றார். பாகப்பிரிவினை வழக்கில் நீதிமன்றம் முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் அறிவிக்கும். அது முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு மனுக் கொடுத்து, ஆணையர் நிலத்தை அளந்து, இன்ன பகுதி இன்னாருக்கு என்று எல்லை வகுத்தபின் பிறப்பிக்கப்படுவது இறுதித் தீர்ப்பாணை. அது முத்திரைத் தாளில் எழுதப்பட வேண்டும். தாத்தாவுக்குப் பாதி என்று அறிவிக்கப்பட்டது உண்மை. எந்தப் பாதி என்று பிரிக்கப்படவேயில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் குடும்பம் முடிந்துவிட்டதாக நம்பிய வழக்கு, பாதி வழியில் நின்றிருந்தது. அம்மா பயந்துபோனார். பாகப்பிரிவினையில் இறுதித் தீர்ப்பாணை கோருவதற்குக் காலவரையறை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் விளக்கியிருப்பதை வழக்கறிஞர் எடுத்துச் சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. நகலைக் கண்ணால் பார்க்காமல் செவிவழிச் செய்தியை மட்டும் நம்பியிருந்தால், இன்னொரு தலைமுறையும் இப்படியே போயிருக்கும்.

மலையிலுள்ள மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அஸ்தம்பட்டிக்கு வந்து போனால், அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் உரிமை தருகிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், நகல் பெறுவதற்கும் வழிகாட்டக் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துக்கொண்ட வழக்கானாலும், அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம் என்பதால், அதன் நகலையும் தவறாமல் வாங்கி வைக்க வேண்டும்.

சின்னத் தாத்தாவின் மகன்களிடம் நகலின் ஒரு படியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூத்த மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு சொத்து விவரத்தை வாய்விட்டுப் படித்தார். வடக்கே ஓடை, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே பாறை, கிழக்கே அடுத்தவர் காப்பித் தோட்டம் என்று வந்தபோது, "வண்டிப்பாதை இப்போ இல்லையேம்மா" என்று அம்மாவைப் பார்த்தார். பாறை அப்படியே இருக்கிறது என்றார் அம்மா. இறுதித் தீர்ப்பாணைக்கான மனுவை இரு தரப்பும் எதிர்ப்பின்றி நடத்துவதென்று பேசியிருக்கிறோம். ஆணையர் அளக்க வருவதற்கு முன்பு ஓடைக்கரைப் புதரை வெட்டி வைக்க, மாமாவும் அம்மாவும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து மலைக்குப் போகிறார்கள்.